தேர்வு உண்மையிலேயே கதையைத் தொடும் கேம்கள் எவை? லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் முடித்துவிட்டேன், அடுத்து என்ன?

தாமிரா

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் முடித்தேன். முதல் எபிசோட் இலவசம் என்பதால் சும்மா இறக்கிப் பார்த்தேன். மீதி நான்கையும் வாங்காமல் இருக்க முடியவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், மவுஸ் என் கையில் இருக்கும். இருவரும் சண்டை போட்டுத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுத்தோம்.

இரண்டாவது எபிசோடில் கூடப் படிக்கும் கேட் மாடி விளிம்பில் நிற்கும் காட்சி இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. அதுவரை கதாநாயகி மாக்ஸ் எதைச் செய்தாலும் நேரத்தைத் திருப்பி மாற்றிவிடலாம். அந்த இடத்தில் மட்டும் அது கைகொடுக்காது. கேட் கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். அவள் அறையில் இருந்த பொருள்களை நான் முன்பே நின்று பார்த்திருந்தேன். ஓட்டலில் உட்கார்ந்திருந்தபோது, தோழி குளோயி முகம் சுளித்தாலும் கேட்டின் போனை எடுத்துப் பேசியிருந்தேன். அப்போது அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவே இல்லை. மாடியில் நிற்கும்போதுதான், எனக்குக் கையில் இருப்பது அவ்வளவுதான் என்று புரிந்தது.

ஆனால் ஐந்தாவது எபிசோடின் கடைசியில் இரண்டே பொத்தான். அதுவரை நான் செய்தது எதுவாக இருந்தாலும் அதே இரண்டு. தம்பி, "அப்போ இவ்வளவு நாள் நாம எதுக்கு யோசிச்சோம்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்குக் கேட் காட்சி மாதிரி வேண்டும், அந்தக் கடைசிக் காட்சி மாதிரி வேண்டாம். அப்படிப்பட்ட கேம்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜாய்ஸ்டிக்

டெட்ராய்ட்: பிகம் ஹியூமன். வேறு யோசனையே வேண்டாம். 2018-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, அடுத்த ஆண்டு பிசிக்கும் வந்துவிட்டது. 2038-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரம், மூன்று ஆண்ட்ராய்டுகள் (மனித உருவ ரோபோக்கள்), மூன்று கதைகள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நீங்கள் போன பாதையையும் போகாத பாதைகளையும் கிளைப் படமாகவே போட்டுக் காட்டுவார்கள். உலகம் முழுவதும் எத்தனை சதவீதம் பேர் உங்களைப் போலத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரியும். மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் வழியில் செத்துப்போகலாம், கதை அவர்கள் இல்லாமலேயே போகும்.

ஸ்பாய்லர், கவனம்: காரா என்ற பணிப்பெண் ஆண்ட்ராய்டிடம் வீட்டுக்காரன் "அசையாதே" என்பான். மேல்மாடியில் ஒரு குழந்தை. கேம் உங்களுக்கும் அதே கட்டளையைத்தான் தருகிறது. கீழ்ப்படிந்து அப்படியே நின்றால், குழந்தை இறந்துவிடும், காராவின் கதையும் அங்கேயே முடியும். ஆரம்பத்திலேயே! மீதி அத்தியாயங்கள் உங்களுக்குக் கிடையாது. பொத்தானை அழுத்தாமல் இருப்பதும் ஒரு தேர்வு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மட்டுறுத்துநர்

கதையின் திருப்பத்தைச் சொல்வதாக இருந்தால், மேலே ஜாய்ஸ்டிக் செய்ததுபோல முன்பே "ஸ்பாய்லர்" என்று எழுதிவிடுங்கள். இந்த மாதிரி கேம்களில் ஒரே ஒரு வரி தெரிந்துவிட்டாலும் விளையாடுகிற அனுபவமே போய்விடும்.

கரிசல்

தாமிரா, உங்கள் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு கேமுக்கு வருகிறேன்.

ஒரு கதையில் இரண்டிரண்டு வழியாகப் பிரியும் தேர்வு பத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கதையை உண்மையிலேயே இரண்டாகப் பிளந்தால், கடைசியில் 1,024 தனிக் கதைகள் எழுத வேண்டும். இருபது தேர்வு என்றால் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் வசனம், குரல், அசைவு என்று யாராலும் செய்ய முடியாது. அதனால் எல்லாருமே ஒரு வேலை செய்கிறார்கள்: கிளை பிரியும், கொஞ்ச தூரம் போகும், மறுபடியும் நடுத்தண்டில் வந்து சேரும். ஆறு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாவதைப் போல. டெட்ராய்ட் அந்தத் தீவுகளைப் பெரிதாக வைத்திருக்கிறது, பணமும் வருடங்களும் செலவழித்து. மற்றவர்கள் சின்னதாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே "கதை எத்தனை முடிவுக்குப் போகும்" என்பதை மட்டும் பார்த்து கேம் தேடினால் ஏமாற்றம்தான். கேட் காட்சி உங்களைத் தொட்டது அது பெரிய கிளை என்பதால் இல்லை. கேட் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அடுத்த மூன்று எபிசோடின் தண்டு ஏறக்குறைய அதேதான். முன்பு நீங்கள் காட்டிய அக்கறையை அந்தக் காட்சி எண்ணிப் பார்த்தது, அதுதான் உங்களைத் தொட்டது. நீங்கள் தேடுவது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அப்படியென்றால் முதலில் டெல்டேல் நிறுவனத்தின் த வாக்கிங் டெட், 2012-இல் வந்த முதல் சீசன். பழைய லேப்டாப்பிலும் ஓடும். லீ எவரெட் என்ற ஒருவர், போலீஸ் காரில் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது செத்தவர்கள் எழுந்து நடமாட, உலகம் கவிழ்கிறது. எட்டு வயதுப் பெண் குழந்தை கிளமென்டைன் அவர் கைக்கு வந்து சேர்கிறாள். ஐந்து எபிசோட். நீங்கள் ஏதாவது சொன்னால் மூலையில் ஒரு வரி வரும்: கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள். விளையாடிப் பல வருடம் ஆகிறது, அந்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம்.

ஸ்பாய்லர்: முதல் எபிசோடில் இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நான் மனசு கிழிந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் யாரைக் காப்பாற்றினாலும் அவர் கதைக்குள் அதிக நாள் இருக்க மாட்டார். கணக்கின்படி பார்த்தால் அது தீவு, சின்னத் தீவு. சரி, இரண்டாவது எபிசோடில் வேறொன்று இருக்கிறது. முகாமில் பத்துப் பேர் போலப் பட்டினி. அன்றைய உணவைப் பங்கிடும் வேலை லீயிடம் வருகிறது. கையில் நான்கே நான்கு. யாருக்குக் கொடுத்தாலும் கதை மாறாது, யாரும் சாக மாட்டார்கள். ஆனால் நான் அந்த முற்றத்தில் கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கணக்கில் அந்தப் பட்டினிப் பங்கீடுதான் கேம் வரலாற்றின் மிகச் சிறந்த தேர்வுகளில் ஒன்று.

ஜாய்ஸ்டிக்

கரிசல் அண்ணா, எதுவும் மாறாது என்றால் அது எப்படிச் சிறந்த தேர்வு? அது நடிப்புதானே?

கரிசல்

இல்லை தம்பி. உலகம் மாறவில்லை, லீ யார் என்பது மாறியது. அதற்குப் பிறகு என் லீ பேசிய ஒவ்வொரு வசனத்தையும் "அன்றைக்குக் கிழவனுக்குக் கொடுக்காதவன்" என்ற நினைப்போடுதான் நான் தேர்ந்தெடுத்தேன். கிளை வெளியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தாமிரா

அண்ணா, அந்தக் கணக்கைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன், பேப்பரில் கிளை போட்டுப் பார்த்து ஐந்தாவது தேர்விலேயே நிறுத்திவிட்டான்.

இரண்டு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சையே எல்லாவற்றையும் குறைத்து வைத்துத்தான் ஓட்டினேன். அதனால் டெட்ராய்ட் இப்போதைக்கு இல்லை.

இன்னொன்று கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் படித்தால் புரியும், ஆனால் நேரம் எடுக்கும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் எனக்கு ஒத்துவந்ததே பெரிய முடிவுகளில் கேம் நின்று காத்திருந்ததால்தான். பதில் சொல்ல நேரம் குறைந்துகொண்டே போகும் கோடு வந்தால் நான் படித்து முடிப்பதற்குள் போய்விடும். த வாக்கிங் டெட் அப்படித்தான் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

சிவப்பு மை

உண்மைதான் தாமிரா. டெல்டேல் கேம்களில் கோடு தேய்ந்துகொண்டே வரும், தீர்ந்தால் நீங்கள் மௌனமாக இருந்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பதில் பட்டியலில் இருப்பவை சின்னச் சின்ன வரிகள். முதல் எபிசோடில் தடுமாறுவீர்கள், பிறகு பழகிவிடும். சப்டைட்டிலை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டினிப் பங்கீடு மாதிரி இடங்களில் நேரக் கெடு கிடையாது.

இதில் தயங்க எதுவும் இல்லை. ஆங்கிலத்தை மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு எந்த கேம் ஒத்துவரும் என்று எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதுவதில்லை, நம்மில் பாதிப் பேருக்குத் தேவையான தகவல் அதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆக்ஸன்ஃப்ரீயை முதலில் எடுக்காதீர்கள். 2016-இல் வந்த அருமையான கேம், ஒரு தீவில் ஐந்து இளைஞர்கள், பழைய ரேடியோ, ஒரு ராத்திரி. ஆனால் நடந்துகொண்டே பேசுவார்கள், உங்கள் பதில்கள் தலைக்கு மேலே குமிழியாக வந்து மங்கிப் போய்விடும். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு அது நிஜமான உரையாடல் மாதிரி இருக்கும். உங்களுக்குப் பதற்றம்தான் மிஞ்சும்.

80 டேஸ் எடுக்கலாம். கேம்பிரிட்ஜில் இருக்கும் இங்கிள் என்ற சின்ன நிறுவனம் 2014-இல் கொண்டுவந்தது. எண்பது நாளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்ட துரைக்கு நீங்கள் வேலைக்காரர் பாஸ்பார்தூ. பெட்டி கட்டுவது, வழி பார்ப்பது, பணம் எண்ணுவது எல்லாம் நீங்கள். முழுக்க எழுத்து, வசனத்துக்குக் கோடு கிடையாது. வரைபடத்தில் இருக்கும்போது கடிகாரம் ஓடும், வண்டி புறப்பட்டுவிடும், அவ்வளவுதான். எழுதியவர்களில் முதன்மையானவர் மெக் ஜெயந்த். காலனி நாடுகளின் மக்கள் அந்தக் கதையில் வெறும் பின்னணியாக நிற்க மாட்டார்கள், அவரவர் வேலையும் கோபமும் அவரவருக்கு இருக்கும். எனக்கு அந்த கேம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். ஒரு தடவை சுற்றி வர மூன்று நான்கு மணி நேரம். அடுத்த தடவை வேறு ஊர்கள்.

பிறகு பேப்பர்ஸ், ப்ளீஸ். 2013. லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்தது. 1982, நவம்பர் மாதம், ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. வசனமே குறைவு. தேதி சரியா, முத்திரை சரியா, போட்டோ பொருந்துகிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தீர்களோ அதற்குத்தான் சம்பளம். சாயங்காலம் அந்தச் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, மருந்து. காசு போதாது. பையனுக்கு மருந்தா, வீட்டுக்குக் கணப்பா?

இப்படி இருக்கும்போது ஒரு கணவர் வருகிறார். அவர் காகிதம் எல்லாம் சரி. "பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள்" என்கிறார். மனைவியிடம் நுழைவுச் சீட்டு இல்லை. அவ்வளவுதான் காட்சி. இசை உச்சத்துக்குப் போகாது, திரை இருளாது. இரண்டு முத்திரை இருக்கிறது, சிவப்பு, பச்சை. அரசு அலுவலகத்தில் கவுண்டருக்கு எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும் அந்த நிமிடம் தெரிந்ததாக இருக்கும்.

கடைசியில் இருபது முடிவுகள் இருக்கின்றன. ஆனால் எனக்கு அந்த இருபதில் இரண்டோ மூன்றோதான் ஞாபகம். அந்த மனைவியின் முகம் ஞாபகம் இருக்கிறது.

பனங்காடு

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். கனகாலமாக இங்கே வாசிக்கிறனான், எழுதுவது குறைவு.

திஸ் வார் ஆஃப் மைன் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் எழுத வந்தேன். போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் செய்தது. பொஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை மனதில் வைத்துச் செய்த கேம். அதிலே நீங்கள் படைவீரர் இல்லை. உடைந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பொதுசனம். பகலில் வெளியே போக ஏலாது, சுட்டுவிடுவார்கள். இரவில் ஒருவர் போய்ச் சாமான் தேடி வரவேணும். போலந்தில் அரசாங்கமே இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக 2020-இல் அறிவித்தது.

ஸ்பாய்லர்: ஒரு வீட்டில் வயசான கணவனும் மனைவியும் இருப்பார்கள். மருந்தும் சாப்பாடும் அவர்களிடம் இருக்கு. எதிர்க்க மாட்டார்கள், கெஞ்சுவார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். எடுத்துக்கொண்டு வரலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எடுத்தவர் திரும்பி வந்து சாப்பிட மாட்டார், பேச மாட்டார், மூலையில் குந்திக்கொண்டு இருப்பார். உங்கள் குற்றத்தை அவர் சுமக்கிறார்.

நான் இதை இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் விட்டுவிட்டேன். நாங்கள் பங்கருக்குள் இருந்த நாட்களில் எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு ஆச்சி தன்னிடம் இருந்த மாவை இரண்டாகப் பிரித்து எங்கள் அம்மாவிடம் பாதியைத் தந்தவ. அந்தக் கிழவியைத் திரையில் பார்த்ததும் எனக்கு ஆச்சிதான் தெரிந்தா. மவுஸை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். நல்ல கேம் இல்லை என்று சொல்ல வரவில்லை. மிக நேர்மையாகச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் ஏலாமல் போனது. போரைப் பார்த்தவர் எவராவது தேடி வந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சிவப்பு மை

பனங்காடு, எழுதியதற்கு நன்றி. அந்த ஆச்சியைப் பற்றி எப்போதாவது இன்னும் எழுதத் தோன்றினால், தனி இழையாகவே எழுதுங்கள். நாங்கள் வாசிக்க இருக்கிறோம்.

நள்ளிரவு வாசகன்

இந்த இழையில் டிஸ்கோ எலிசியம் பெயர் வராமல் இவ்வளவு தூரம் வந்ததே ஆச்சரியம். எஸ்டோனியாவில் தொடங்கிய குழு, 2019. சண்டையே கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு போலீஸ் துப்பறிவாளர், மரத்தில் தொங்கும் ஒரு பிணம். உங்கள் மூளைக்குள் இருக்கும் இருபத்து நான்கு திறமைகளும் ஆளுக்கொரு குரலில் உங்களிடம் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும், இரண்டும் பொய்யாகப் போகலாம். மின்விசிறியில் மாட்டிய டையை எடுக்கப்போய் முதல் அறையிலேயே மாரடைப்பு வந்து செத்துப்போகவும் முடியும். மற்றபடி எடுத்த காரியத்தில் தோற்றால் கதை நிற்காது, வேறு வாசல் திறக்கும். அதனால் பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, திரும்பி ஓட வேண்டும் என்றே தோன்றாது. கூட வரும் கிம் கிட்சுராகி உங்களைப் பார்த்து ஒரு நொடி புருவம் உயர்த்தினால், அது எந்த முடிவுக் காட்சியையும்விடப் பெரிதாகத் தெரியும்.

ஆனால் தாமிராவுக்கு இப்போது இதைச் சொல்ல மாட்டேன். பத்து லட்சம் சொற்களுக்கு மேல், அதுவும் வளைந்து நெளியும் ஆங்கிலம். ஒரு வருடம் கழித்து வாருங்கள்.

இப்போதைக்கு பென்டிமென்ட். 2022, அப்சிடியன் நிறுவனம், ஜாஷ் சாயர் இயக்கம். 1518-ஆம் ஆண்டு பவேரியாவில் டாசிங் என்ற சிற்றூர், பக்கத்தில் ஒரு மடாலயம். நீங்கள் அங்கே ஓலைச்சுவடி போன்ற கையெழுத்து நூல்களுக்கு ஓவியம் தீட்டும் ஆண்ட்ரியாஸ். ஒரு கொலை. படமெல்லாம் அந்தக் காலத்து ஏட்டு ஓவியம் மாதிரியே இருக்கும், சாதாரண லேப்டாப் போதும். குரல் கிடையாது, எல்லாம் எழுத்து, நீங்கள் பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கும். பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து எழுத்துரு மாறும்: துறவிக்குக் கோதிக் எழுத்து, குடியானவருக்குக் கிறுக்கல், அச்சுக்காரருக்கு அச்செழுத்து. கஷ்டமாக இருந்தால் எளிதாகப் படிக்கும் எழுத்தாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. தெரியாத பெயருக்கு அடியில் கோடு இருக்கும், அழுத்தினால் ஓரத்தில் விளக்கம் வரும்.

நீங்கள் கேட்ட கேட் காட்சி மாதிரிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தெரியவில்லை. யார் கொலை செய்தார் என்று விசாரிக்க உங்களுக்குச் சில நாட்கள்தான். ஒவ்வொரு வேளையும் யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே ஒரு தேர்வு. ஒரு வீட்டுக்குப் போனால் இன்னொரு வீட்டில் பேச நேரம் இருக்காது.

ஸ்பாய்லர், லேசாக: கடைசியில் ஒருவரைக் கைகாட்ட வேண்டும். அவருக்கு மரண தண்டனை. அவர்தான் செய்தாரா என்று கேம் சொல்லாது. பிறகு ஏழு வருடம் ஓடும், திரும்பி வருவீர்கள். இறந்தவரின் குடும்பம் அதே தெருவில் இருக்கும். நீங்கள் சாப்பிட்ட வீட்டுக் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள். அதற்கப்புறம் இன்னும் பதினெட்டு வருடம். ஊரே உங்கள் முடிவோடு வயதாகும்.

ஜாய்ஸ்டிக்

எல்லோரும் மென்மையான பக்கமே பேசுகிறீர்கள். எனக்கு முடிவுகள் முக்கியம். நான் யோசித்துச் செய்ததற்குக் கேம் பதில் சொல்ல வேண்டும். அன்டில் டான் எடுத்துக்கொள்ளுங்கள், 2015. எட்டு இளைஞர்கள், பனிமலை, ஒரு ராத்திரி. எட்டுப் பேரும் பிழைக்கலாம், எட்டுப் பேரும் சாகலாம். ஓடும்போது குறுக்கு வழியா நேர் வழியா என்று ஒரு நொடியில் எடுத்த முடிவு உயிரை எடுக்கும். நண்பர்கள் ஐந்து பேர் என் அறையில் கூடி, ஆளுக்கு ஒரு பாத்திரத்தைப் பங்கு போட்டு, கன்ட்ரோலரைக் கைமாற்றி விளையாடினோம். என் ஆள் செத்தபோது மற்ற நால்வரும் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அது வெறும் தீவு இல்லை அண்ணா.

கரிசல்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஒரே ராத்திரிக் கதை என்பதால்தான் அது முடிகிறது, கதை சின்னதாக இருந்தால் கிளை அகலமாக இருக்கலாம். விண்வெளிக் கதையான மாஸ் எஃபெக்ட் 2-இன் கடைசிப் பயணமும் அப்படித்தான். கூட வந்தவர்களின் சொந்தப் பிரச்சினைகளைத் தீர்த்து வைத்தீர்களா, கப்பலைப் பலப்படுத்தினீர்களா, யாரை எந்த வேலைக்கு அனுப்பினீர்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து யார் உயிரோடு திரும்புவார் என்று தீர்மானிக்கும். ஒரு கேமின் சேவ் அடுத்த கேமுக்குப் போகும். 2007-இல் முதல் பாகத்தில் நான் பேசிச் சமாதானப்படுத்திய ரெக்ஸ் என்ற கூட்டாளி, 2012-இல் மூன்றாம் பாகத்தில் என்னைத் தோளில் தட்டி வரவேற்றபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த மூன்றாம் பாகத்தின் முடிவுக்கு ரசிகர்கள் கொதித்ததும், நிறுவனம் சில மாதத்தில் விரிவாக்கிய முடிவை இலவசமாகக் கொடுத்ததும் தனிக் கதை. தாமிராவின் தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் அன்றைக்கு உலகமே கேட்டது.

ஆனால் ஒன்று. பிடிக்காத முடிவு வந்ததும் பழைய சேவுக்குத் திரும்பாதீர்கள். முதல் தடவை முழுவதும் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். அன்டர்டேல் என்று 2015-இல் வந்த சின்ன கேம் இதையே பிடித்துக்கொண்டது. ஸ்பாய்லர்: ஆரம்பத்தில் உங்களைப் பரிவோடு பார்த்துக்கொள்ளும் ஒருத்தியைத் தெரியாமல் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குப் போய் அவளைக் காப்பாற்றினால், வெளியே நிற்கும் ஒரு பூ "நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்" என்ற பொருளில் பேசும். நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். அதற்கப்புறம் எந்த கேமிலும் முதல் தடவையில் நான் திரும்பிப் போனதில்லை.

வைகைக்கரை

என்னிடம் போன் மட்டும்தான். போனில் ஏதாவது?

சிவப்பு மை

80 டேஸ், லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் இரண்டும் போனுக்கு வந்தன. பேப்பர்ஸ், ப்ளீஸ் 2022-இல் வந்தது. ரெயின்ஸ் எளிமையானது, ராஜாவாக இருந்துகொண்டு சீட்டை இடமோ வலமோ தள்ளினால் போதும், பஸ்ஸில் நின்றுகொண்டே விளையாடலாம்.

வெண்பா பற்றியும் யாராவது கேட்பீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் கொண்டுவந்தது, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது வாங்கியது. 1988-இல் கனடாவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு, இட்லியில் தொடங்கும். இந்த இழை தேடுகிற மாதிரி தேர்வு கேம் இல்லை, வசனத் தேர்வுகள் கதையைத் திருப்பாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அம்மா தமிழில் கேட்க, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில் எனக்கு வந்த வலி, மேலே சொன்ன எந்த கேமிலும் வரவில்லை. தாமிரா, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடுங்கள்.

இன்னொரு யோசனை. தமிழில் இப்படி ஒன்று வேண்டும் என்றால் நாமே எழுதலாம். ட்வைன் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, 2009-இல் இருந்து. பிரவுசரிலேயே ஓடும், தமிழ் எழுத்து அப்படியே வரும், நிரல் தெரிய வேண்டாம். நான் போன மழைக்காலத்தில் ஒன்று எழுதிப் பார்த்தேன். இரவு ஒன்பதரை மணி, கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ், நீங்கள் கண்டக்டர். ஒரு பாட்டியிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஏற்றிக்கொள்வதா, இறக்கிவிடுவதா, கையிலிருந்து போட்டுவிடுவதா?

முதலில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை எழுதப்போய், ஆறு இடத்தில் இரண்டிரண்டாகப் பிரித்தாலே 64 முடிவு ஆகும் என்று தெரிந்து மலைத்துவிட்டேன். கரிசல் சொன்ன அதே கணக்கு. பிறகு எல்லோரையும் ஒரே நிறுத்தத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். ஆனால் பாட்டிக்கு என்ன செய்தீர்கள், காலேஜ் பையன்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதை மட்டும் பின்னால் குறித்து வைத்துக்கொண்டேன். கடைசியில் செக்கிங் ஏறும்போது, பயணிகளில் யார் வாய் திறந்து உங்களுக்காகப் பேசுவார்கள் என்பது அந்தக் குறிப்பைப் பொறுத்தது. மொத்தம் 41 பக்கம்தான். எழுதிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் கேமில் எங்கே தையல் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

தாமிரா

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். விளையாடிவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் முதலில். அந்த மனைவியை உள்ளே விட்டேன். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன்: ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதில் இருந்துதான் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு வேலையில் ஒரு தவறும் செய்யக் கூடாது என்று உயிரைக் கொடுத்துப் பார்த்தேன், அந்த இரண்டையும் யாருக்காவது தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று. சில நாள் மாலை வரை யாரும் கேட்கவில்லை. சில நாள் மூன்றாவது ஆள் வந்து கெஞ்சினார். அந்த மூன்றாவது ஆளைத் திருப்பி அனுப்பினேன். என் பையனுக்கு அன்றைக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது.

பிறகு த வாக்கிங் டெட். கோடு பயமுறுத்தியது, இரண்டு இடத்தில் படிப்பதற்குள் போய்விட்டது, என் லீ பேசாமல் நின்றார். விசித்திரமாக அதுவும் பொருத்தமாகவே இருந்தது, அவர் அந்த இடத்தில் வாயடைத்துத்தான் போயிருப்பார்.

ஸ்பாய்லர்: உணவுப் பங்கீட்டில் முதல் இரண்டும் குழந்தைகளுக்கு, அதில் எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை. மூன்றாவதை லாரி என்ற அந்தக் கிழவருக்குக் கொடுத்தேன். தம்பி எழுந்து நின்றுவிட்டான். "முதல் எபிசோட்ல நம்மள அடிச்சுத் தள்ளிட்டுப் போனவன்க்கா அவன்!" தெரியும். ஆனால் அவருடைய மகள் லில்லிதான் அந்த உணவை என் கையில் கொடுத்தவள், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி நன்றி சொல்லவில்லை. கரிசல் அண்ணா சொன்னதுபோல ஒன்றும் மாறவில்லை. தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது மாறியது. நான்காவதை யாருக்குக் கொடுத்தேன் என்று இங்கே சொல்லவில்லை.

ஐந்தாவது எபிசோட் முடிந்தபோது இருவரும் விளக்கைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அம்மா வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பென்டிமென்ட் இந்தத் தள்ளுபடியில் வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு மை அக்கா, உங்கள் கடைசி பஸ்ஸை எங்களுக்குத் தருவீர்களா? பாட்டியை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிறான் தம்பி, இந்தத் தடவை மவுஸ் அவன் கையில். அண்ணா, இன்னொரு கேள்வி: வாக்கிங் டெட் இரண்டாவது சீசனில் நாங்கள் செய்ததெல்லாம் தொடருமா, இல்லை முதலில் இருந்தா?

சிவப்பு மை

தனிச் செய்தியில் கோப்பை அனுப்பியிருக்கிறேன். பிரவுசரில் திறந்தாலே ஓடும். தம்பி எந்த நிறுத்தத்தில் எங்கே சலித்துப்போனான் என்று குறித்துச் சொல்லுங்கள், திருத்த வேண்டும்.

கரிசல்

தொடரும். இரண்டாவது சீசனில் கிளமென்டைனாகவே விளையாடுவீர்கள், முதல் சீசனின் சேவை அது படித்துக்கொள்ளும். அதனால் அந்த லேப்டாப்பில் எதையும் அழித்துவிடாதீர்கள், சேவ் ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒருவேளை தொலைந்துபோனாலும், கடைசி சீசனில் பழைய முடிவுகளைக் கேள்வி கேட்டுக் கேட்டு மறுபடி அமைத்துக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். 2018-இல் டெல்டேல் பாதியில் மூடப்பட்டபோது அந்தக் கடைசி சீசன் வராமலே போய்விடும் என்று நாங்களெல்லாம் நினைத்தோம். ஸ்கைபவுண்ட் எடுத்து, முன்பு அதில் வேலை செய்தவர்களில் சிலரையே வைத்து அடுத்த வருடம் முடித்துக் கொடுத்தது.

லாரிக்குக் கொடுத்த ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நான் கொடுக்கவில்லை.